குறட்டை விட்ட பசு

இல்லை டாக்டர், எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நானும் டாக்டர்தான், மாட்டுக்கு. தெனம் கார்த்தால கசாப்புக்கூடத்துல வெட்டின தலையெல்லாம் மேஜைல வெப்பா. கழுத்துக் கிளாண்டைக் கீறிப் பாத்து, கறியை விக்கலாமா கூடாதான்னு நான் சொல்லணும். குதிரைக்கு அது சின்னச் சின்னதா, திராட்சைக் கொத்தாட்டம் இருக்கும். மாட்டுக்கு அப்படியில்லை. தொண்டைக்குப் பின்னால பெரிசா, பக்கத்துக்கு ஒண்ணு. க்ஷயம், அதான் டி.பி., வந்து அது வீங்கித்துன்னா மூச்சை அமுக்கும். மாடு முழிச்சுண்டே குறட்டை விடும்.

ஆமாம், விஷயத்துக்குத்தான் வரேன். எங்காத்து வாசல்ல வந்து பால் கறக்கறவன் ரங்கன். அவன் பசு அப்படித்தான் குறட்டை விட்டுண்டு நின்னுது. தொண்டைல கை வெச்சேன், கல்லாட்டம் இருந்தது. க்ஷயம் பால்ல எறங்கும், இந்தப் பாலே வேண்டாம்னேன். விசாலாக்ஷி, என் ஆம்படையா, அவ கேக்கணுமே! வெட்டின தலையைத் தொட்டுட்டு வரவர் கோமாதாவைப் பழிக்கறாராங்கறா. சரி, குழந்தைக்குக் காய்ச்சியாவது குடுன்னேன். காய்ச்சினா சத்து போயிடுமாம், கறந்த சூட்டோட குடுக்கணுமாம். அவ அக்கா சொன்னாளாம். ரங்கனைக் கேட்டா, மாட்டுக்கு ஜல்ப்பு கீது சாமி, அதுக்குப் போயி இம்மாம் பேசிக்கினுகீறியேன்னு சிரிக்கறான்.

மேலதிகாரிகிட்டயா? சொல்லாம இருப்பேனா! ஊசி போட்டு க்ஷயம்தான்னு ருஜுப்படுத்தும் ஓய்னார். ஊசி மருந்தைக் கேட்டேன். வரும்னார். எங்க வந்தது?

நடுவுல பசுவைக் காணோம். வித்துட்டேன்னான் ரங்கன், எங்கேன்னு சொல்லலை. இன்னிக்குக் கார்த்தால என் மேஜைல அதோட தலை. இடது கொம்பு நுனி ஒடிஞ்சது, எனக்குத் தெரியாதா? நெத்தில குங்குமக் கறைகூட அப்படியே. கீறினேன். கத்தி நறநறங்கறது. உள்ள மஞ்சளா, தயிர்க்கட்டியாட்டம். க்ஷயமேதான்.

எரிக்கச் சொல்லிட்டு நேரா ஆத்துக்குப் போனேன். ஸ்நானம்கூடப் பண்ணலை, அப்படியே கூடத்துல போய் நின்னுண்டு சொன்னேன். விசாலாக்ஷி சண்டை போடுவான்னு பாத்தேன். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிண்டு வந்து என் எதிர்ல நின்னா.

வாசல்ல ரிக்ஷால இருக்காளே, அவதான் ஜானு, எங்க பொண்ணு. தாடைக்குக் கீழே ஏதோ தட்டுப்படறதுங்கறா அவம்மா. நான் தொட்டுப் பாக்கலை டாக்டர். தொட்டா எனக்குத் தெரிஞ்சுடும். நீங்க பாருங்கோ.