ரெண்டு பேருக்குப் பதினாலு சீற் வான்

பிறின்சி: "பிறின்சி, இந்த லீவுக்கு நீயும் நானும் மட்டும். அம்மா இல்லை, அக்கா இல்லை, ஒரு காகம்கூட இல்லை." போன மாசம் கத்தாரிலயிருந்து போன் எடுத்து இதைச் சொன்னது ஆர்?

நிரூபன்: நான்தான்.

பிறின்சி: அதுக்கு நான் என்ன கேட்டனான்?

நிரூபன்: "சத்தியமாவோ?" எண்டு கேட்டனி.

பிறின்சி: நீங்கள்?

நிரூபன்: "மடு மாதாவாணை" எண்டனான்... சரி, விடு பிறின்சி. தேத்தண்ணிக் கடைக்காரர் பாக்கிறார்.

பிறின்சி: பாக்கட்டும். பதினாறு பிளேன்ரீ ஊத்தி முடிய அவருக்கு அரை மணித்தியாலம் செல்லும். றைவர் ரிஸ்கான் அண்ணை வான் ரயரை ஒட்டிக்கொண்டு வர இன்னும் அரை மணித்தியாலம். முருங்கன் சந்தியில, ஒரு கால் ஆடுற இந்த வாங்கில, நீங்களும் நானும் மட்டும். எங்கட ஹனிமூன் இதுதான்.

நிரூபன்: மூண்டு நாள் பயணத்தில ஒரு மணித்தியாலமாவது கிடைச்சுது எண்டு...

பிறின்சி: வாயை மூடுங்கோ. அந்த லிஸ்ட் ஞாபகம் இருக்கோ?

நிரூபன்: எந்த லிஸ்ட்?

பிறின்சி: நீங்கள் அனுப்பினது. "தீம் பார்க்கில் காதல் சோடிகள் செய்யவேண்டிய பத்து விஷயங்கள்." கீழ சிவப்பு இதயம் அஞ்சு. போனில சேவ் பண்ணி வைச்சிருக்கிறன். வாசிக்கட்டே?

நிரூபன்: வேண்டாம்.

பிறின்சி: முதலாவது. "ஒரே மாதிரி ரீசேட் அணியுங்கள்."

நிரூபன்: அது செய்தனாங்கள்தானே! தோஹாவில எத்தினை கடை ஏறி இறங்கினனான். உன்ர சேட்டில பாதி இதயம், என்ர சேட்டில மற்றப் பாதி...

பிறின்சி: மற்றப் பாதி இப்ப ஆற்ற நெஞ்சில கிடக்கு?

நிரூபன்: ...டிலோஜன் அத்தான்ர.

பிறின்சி: ஏனாம்?

நிரூபன்: பார்க் கேற்றுக்குக் கிட்ட வந்து அவர் தன்ர சேட் முழுக்கச் சத்தி எடுத்திட்டார். மாத்துறதுக்கு ஒண்டும் கொண்டரேல்லை. அக்காதான் என்ர பையைத் திறந்து, கைக்கு வந்ததை...

பிறின்சி: உங்கட அக்கான்ர புருசன் மற்றப் பாதி இதயத்தோட நாள் முழுக்க என்ர பக்கத்தில நிண்டார். படம் எடுக்கிற மனிசன் அவரைப் பாத்து, "நோனான்ர தோளில கையைப் போடுங்கோ மாத்தயா" எண்டு சிங்களத்தில சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?

நிரூபன்: நான்தானே ஓடி வந்து, "நான்தான் புருசன்" எண்டனான்!

பிறின்சி: ஓம், வந்தனீங்கள். கையில லேஞ்சிக்குள்ள சுத்தின பெரியப்பான்ர பல்லுசெற்றோட.

நிரூபன்: ரோலர் கோஸ்ரரில விழுந்திடும் எண்டு தந்தவர். நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

பிறின்சி: அந்த மனிசன் உங்களையும் பாத்தார், பல்லையும் பாத்தார். பேந்து டிலோஜன் அத்தானைத்தான் நம்பினார். அந்தப் படம் எங்க?

நிரூபன்: அக்கா காசு குடுத்து வாங்கிட்டா. அவையின்ர வீட்டுச் சுவரில மாட்டப் போறாவாம்... ஏய், நீ சிரிக்கிறாய்.

பிறின்சி: நான் சிரிக்கேல்லை. என்ர வாய் அப்பிடி. மூண்டாவது. "இருட்டுக் குகைக்குள் படகில் கைகோர்த்துச் செல்லுங்கள்."

நிரூபன்: போனனாங்கள்.

பிறின்சி: நாங்களோ? முன்னுக்கு இருந்தது பெரியப்பா. நாப்பது வருசம் கடலுக்குப் போன மனிசன். தண்டவாளத்தில ஓடுற பிளாஸ்ரிக் வள்ளத்தில எழும்பி நிண்டு, "இதில எது அணியம், எது கடையார்? முன்னும் பின்னும் ஒரே மாதிரிக் கிடக்கு, ஆரடா இதைக் கட்டினவன்?" எண்டு குகை அதிரச் சத்தம் போட்டார்.

நிரூபன்: லைட் எல்லாத்தையும் போட்டு வள்ளத்தை நிப்பாட்டினாங்கள். பின்னுக்கு இருந்த சோடியள் எல்லாம் அவசர அவசரமா விலகி இருந்து...

பிறின்சி: அதுகளாவது கிட்ட இருந்துதுகள். எனக்கும் உங்களுக்கும் நடுவில வெள்ளாங்குளத்து மச்சாள் இருந்தவ. அவவுக்கு இருட்டெண்டாப் பயமாம். என்ர கையையும் உங்கட கையையும் அவதான் பிடிச்சுக்கொண்டு வந்தவ.

நிரூபன்: சரி... இரவுச் சாப்பாட்டையாவது...

பிறின்சி: "மெழுகுதிரி வெளிச்சத்தில் இருவரும் உணவருந்துங்கள்." மெழுகுதிரி இருந்தது. மடுவில கொழுத்தவெண்டு மாமி கொண்டந்ததில ஒண்டு. வான் நிப்பாட்டுற இடத்தில பாய் விரிச்சு, வாளியில புட்டு, சட்டியில கருவாட்டுக் குழம்பு.

நிரூபன்: குழம்பு நல்லாத்தானே இருந்தது?

பிறின்சி: நல்லாத்தான் இருந்தது. மணத்துக்குப் பக்கத்து பஸ்சால ஆக்கள் இறங்கி வந்தவை. அதில ஒரு ஐயா கோப்பையோட வந்து ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர். நேத்து மடுவில படுத்த மடத்திலயும் பொம்பிளையள் ஒரு பக்கம், ஆம்பிளையள் ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம் மாமி, மற்றப் பக்கம் மச்சாள். மாமி குறட்டை, மச்சாள் குழறல்.

நிரூபன்: லிஸ்ட் முடிஞ்சுதோ?

பிறின்சி: ஏழாவது கிடக்கு. "ராட்சத ராட்டினத்தின் உச்சியில் மனம் திறந்து பேசுங்கள்."

நிரூபன்: ...அதை விடு.

பிறின்சி: விடமாட்டன். அதில மட்டும்தான் மூண்டு பேர். நீங்கள், நான், முன்னுக்கு மாமி. அவ கண்ணை மூடிக்கொண்டு செபமாலையில துக்க தேவ இரகசியம் சொல்லத் தொடங்கிட்டா. ராட்டினம் உச்சியில நிண்டுது. நீங்கள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "பிறின்சி, ஒண்டு சொல்லவேணும்" எண்டனீங்கள்.

நிரூபன்: சொன்னனானோ?

பிறின்சி: நானும் காத்துக்கொண்டு இருந்தன். கடைசியா என்ன சொன்னனீங்கள்? "கீழ எங்கட வான் தெரியுது" எண்டனீங்கள்.

நிரூபன்: தெரிஞ்சதுதானே.

பிறின்சி: எனக்கு வேறயும் தெரிஞ்சுது. அதை—

மாமி: பிறின்சி! இஞ்ச குந்திக்கொண்டு இருக்கிறியோ பிள்ளை? உன்னை வானடியெல்லாம் தேடுறன். இந்தா, விடியப் பூசை முடிய மாதா கோயிலடியில எடுத்த மடு மண். போத்தலில கரைச்சிருக்கிறன். வெறுவயித்தில குடிக்கவேணும்.

பிறின்சி: ஒரு பணிஸ் சாப்பிட்டிட்டன் மாமி.

மாமி: பறவாயில்லை, விசுவாசம்தான் முக்கியம். ஒம்பது வருசமாச்சு. உங்கட கலியாணத்தில கைக்குழந்தையா இருந்த அயல்வீட்டு நிறஞ்சலான்ர மூத்தது கோயிலில புதுநன்மையும் எடுத்திட்டுது. அடியில மண் நிக்கும், குலுக்கிப்போட்டு முழுக்கக் குடி.

நிரூபன்: அம்மா... நான் கொஞ்சம் குடிக்கட்டே?

மாமி: உனக்கேன்டா? கல்லு மாதிரி இருக்கிறாய். வருத்தக்காரருக்குத்தான் மருந்து. நீ போய் என்ர பிளேன்ரீக்குச் சீனி போட வேண்டாம் எண்டு சொல்லு. நான் போறன், உன்ர பெரியப்பா வான் கதவைத் திறந்துபோட்டு றைவர் சீற்றில ஏறிக் குந்தியிருக்கிறார்.

பிறின்சி: ...குடிச்சிட்டன். இந்தாங்கோ வெறும் போத்தல். ஒம்பது வருசமா நான் குடிச்ச மண்ணை ஒண்டாக் கொட்டினா எங்கட வளவை ரெண்டடி உசத்தியிருக்கலாம். மாரியில வெள்ளம் நிக்காது.

நிரூபன்: அம்மா பழைய ஆள் பிறின்சி...

பிறின்சி: மாமியில எனக்கு ஆத்திரம் இல்லை. அவ தனக்குத் தெரிஞ்சதைச் செய்யிறா. யாழ்ப்பாணத்தில டொக்டரம்மா என்ன சொன்னவ? "உமக்கு எல்லாம் சரி. அடுத்த முறை அவரைக் கூட்டிக்கொண்டு வாரும்" எண்டவ. அதுக்குப் பிறகு மூண்டு லீவு. ஒருமுறை வீட்டுக் கூரை. ஒருமுறை டிலோஜன் அத்தான்ர போட் எஞ்சின். போன முறை முதுகு நோவு.

நிரூபன்: முதுகு உண்மையாவே நொந்தது.

பிறின்சி: இந்த முறை வான். ரெண்டு பேருக்கு ஏன் பதினாலு சீற் வான் பிடிச்சனீங்கள்?

நிரூபன்: கார் கிடைக்கேல்லை எண்டனான்தானே. வான் வீட்டடியில வந்து நிக்க, அம்மா கண்டிட்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டா.

பிறின்சி: மாமியோ சொன்னவ?

நிரூபன்: ஓம்.

பிறின்சி: பெரியப்பா வேற கதை சொல்லுறார். அந்த மனிசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "தம்பி கத்தாரில நிக்கேக்கயே போன் எடுத்து, நீங்கள் கட்டாயம் வரவேணும் பெரியப்பா எண்டு மண்டாடினவன்" எண்டார். டிலோஜன் அத்தானுக்கும் நீங்கள்தான் எடுத்திருக்கிறீங்கள். வெள்ளாங்குளத்து மச்சாளுக்கும் நீங்கள்தான். அவவை எங்கட கலியாணத்துக்கே நாங்கள் கூப்பிடேல்லை!

நிரூபன்: எல்லாரும் ஒருக்காச் சந்தோசமா...

பிறின்சி: நிரூபன், என்ர முகத்தைப் பாருங்கோ. மாதாவாணை எண்டு சொன்ன அண்டைக்கு நீங்கள் உண்மையாத்தான் சொன்னனீங்கள். உங்கட குரல் எனக்குத் தெரியும். பேந்து என்ன நடந்தது?

நிரூபன்: பேந்து... நீ ஒண்டு சொன்னனி.

பிறின்சி: என்ன?

நிரூபன்: "மூண்டு நாள் தனிய இருந்தா, மிச்சக் கதையெல்லாம் ஆறுதலாக் கதைக்கலாம்" எண்டனி.

பிறின்சி: அதுக்குப் பயந்தோ இவ்வளவு பேரையும் ஏத்தினனீங்கள்?

நிரூபன்: ஓம்.

பிறின்சி: எதிரிக்கும் இப்பிடிக் காவல் போடமாட்டாங்கள். பெண்டாட்டிக்குப் பதினாலு பேர்! அதில ஒருத்தருக்குப் பல்லும் இல்லை.

நிரூபன்: பகிடி பண்ணாத பிறின்சி. எனக்கு... கடைக்காரர் கூப்பிடுறார் போல கிடக்கு.

பிறின்சி: கூப்பிடேல்லை. இருங்கோ.

நிரூபன்: நான்... தோஹாவில ஒரு கிளினிக்குக்குப்...

பிறின்சி: சொல்லுங்கோ.

நிரூபன்: இதில வேண்டாம். வீட்ட போய்ச் சொல்லுறன். நாளைக்கு...

பிறின்சி: நீலக் கவர். பெரிய சூட்கேசின்ர உள்துணிக்குக் கீழ. போன லீவுக்கு வரேக்க கொண்டந்தனீங்கள், போகேக்க திருப்பிக் கொண்டுபோனீங்கள். இடையில நான் சூட்கேசுக்கு வெயில் காட்டினனான்.

நிரூபன்: பாத்தனியோ?

பிறின்சி: எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியும் எண்டதை மறந்திட்டீங்கள். அந்த றிப்போட்டில விளங்காத சொல்லுகளைப் படம் எடுத்து டொக்டரம்மாட்டக் காட்டினன்.

நிரூபன்: உன்னட்டக் காட்டவெண்டுதான் கொண்டந்தனான். மாதா... உண்மையா. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு முப்பது நாளும் போட்டுது. அப்ப... ஒரு வருசமா உனக்குத் தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ இப்ப அந்த மண்ணைக் குடிச்சனி?

பிறின்சி: குடிச்சன். நீங்கள் பக்கத்தில நிக்கிற நேரமெல்லாம் கொஞ்சம் மெதுவாக் குடிச்சன். நீங்கள் பாக்கவேணும் எண்டு.

நிரூபன்: பாத்தனான். ஒவ்வொரு மிடறும் பாத்தனான்.

பிறின்சி: தெரியும்.

நிரூபன்: என்னில உனக்குக் கோபம் வரேல்லையோ?

பிறின்சி: வராமலோ? தலைமன்னார்ப் பாலத்தில கொண்டுபோய்த் தள்ளிவிடுவமோ எண்டும் யோசிச்சனான்.

நிரூபன்: எனக்கு நீந்தத் தெரியும்.

பிறின்சி: அதாலதான் விட்டனான்.

நிரூபன்: தெரிஞ்சா நீ என்னை விட்டிட்டுப் போயிடுவாய் எண்டு நினைச்சன்.

பிறின்சி: விசர்க் கதை. தாராபுரம் றோட்டில சைக்கிள் செயின் கழண்டு நான் நிண்டனான். சிரிச்சுக்கொண்டு போனீங்கள். பேந்து வெக்கப்பட்டு, அரைக் கட்டை தாண்டித் திரும்பி வந்து, கையெல்லாம் கிறீஸ் பூசிச் செயினை மாட்டித் தந்தனீங்கள். அந்த மனிசனைத்தான் நான் கட்டினனான். எப்பவும் பிந்தித்தான் வருவீங்கள். ஆனா வருவீங்கள்.

நிரூபன்: வாறன் பிறின்சி. டொக்டரிட்ட வாறன். எந்த நாள் எண்டு சொல்லு, முன்னுக்கு வந்து நிக்கிறன்.

பிறின்சி: அதுக்கு வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். வைத்தியம் இருக்காம். சரிவந்தா வரட்டும், வராட்டி நீங்களும் நானும் இருப்பம். அதில்லை நான் கேக்க நினைச்சது.

நிரூபன்: வேற என்ன?

பிறின்சி: ஒரு வருசமா வாய்க்குள்ள வைச்சிருக்கிறன். ராட்டினத்தில நீங்கள் வாயைத் திறக்கேக்க, அப்பாடா, கேக்காமலே கிடைக்கப் போகுது எண்டு நினைச்சன்.

நிரூபன்: கேள்.

பிறின்சி: கேட்டா, "நாளைக்கு" எண்டு சொல்லக்கூடாது.

நிரூபன்: சொல்லமாட்டன். மாதாவா—

பிறின்சி: ஆணை வேண்டாம்! அந்தத் தாயை ஒரு நாளாவது நிம்மதியா இருக்க விடுங்கோ.

நிரூபன்: சரி... சும்மா சொல்லுறன். சொல்லமாட்டன். கேள் பிறின்சி.

பிறின்சி: உங்களுக்கு இருக்கிறது ஒரு வருத்தம். காய்ச்சல் மாதிரி, முதுகு நோவு மாதிரி. அதை நான் குறை எண்டு ஒரு நாளும் சொல்லமாட்டன், வேற ஆரையும் சொல்ல விடவும் மாட்டன். ஆனா ஒம்பது வருசமா எல்லாற்ற வாயிலயும் மலடி நான்தான். அந்தப் பேரை என்ர தலையிலயிருந்து இறக்கி வையுங்கோ. வானடிக்குக் கொண்டுபோற பிளேன்ரீத் தட்டை ஒருபக்கம் நீங்கள் பிடியுங்கோ, மற்றப் பக்கம் நான் பிடிக்கிறன். வீடு வீடாப் போய்ச் சொல்லவும் தேவையில்லை, சொல்லவேண்டிய ஆக்கள் முழுப்பேரையும் நீங்களே வானில ஏத்தி வைச்சிருக்கிறீங்கள். எல்லாரும் கேக்கத்தக்கதா, உங்கட வாயால, மாமிட்டச் சொல்லுங்கோ... "அம்மா, பிறின்சியில ஒண்டும் இல்லை. என்னிலதான்" எண்டு.