ஒரிலுஸ் மேடை ஏறல

அதில்ல ஜெஸூலா, பயந்துக்கிட்டு வரலங்குறேன்னு மட்டும் நெனச்சிராத. இந்த ஆர்த்திபோனித் பள்ளத்தாக்குல ஒரிலுஸ் பயந்தான்னு ஒருத்தன் சொல்லட்டும், பாப்போம். கடல் தாண்டி ஆர்கன்சாவுலேந்து அரிசி வியாபாரக் குழு வருதா, வரட்டும். சென் மார்க்குல மண்டபம் புடிச்சாச்சு, மைக்குக்குச் சொல்லியாச்சு, சரி. நீ விவசாயிங்க சங்கத்துச் செயலாளர், என்னப் பேசக் கூப்புடறது உன் வேல. நாளைக்கு ஒரு நாள் வேற ஆளப் பாரேன்.

தொண்டையா? தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. நேத்து கழுதையத் திட்டுனது கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சாம்.

உக்காரு, காப்பியக் குடி. ஆறிப்போவுது.

உனக்கு அப்ப பத்து வயசு இருக்குமா? வெளிநாட்டு அரிசிக்கு நூத்துக்கு அம்பதுன்னு இருந்த வரிய ஒரே போடா மூணாக்குனாங்களே, அந்த வருஷம். கப்பல் கப்பலா வந்து எறங்குச்சு. வெளையறது ஆர்கன்சாவுல, நம்ம சனம் வச்ச பேரு மயாமி அரிசி. மயாமித் துறைமுகத்துலேந்து வந்ததாம், அதனால. அங்க நெல்லே கெடையாதுன்னு நோட்டீஸ் போட்டுப் புரியவச்சவன் நான். நான் பள்ளிக்கூடம் போனவனா? நோட்டீஸப் பாத்துத்தான் எழுத்தே கத்துக்கிட்டேன். அவங்க அரசாங்கம் அவங்க விவசாயிக்குப் பணம் குடுக்குது. நம்ம அரசாங்கம் நமக்கு என்ன குடுத்துச்சு? தூந்துபோன கால்வா. இதையே முப்பது வருஷமாச் சொல்லிட்டேன். மூணு தடவ உள்ள போனேன். முன்னாடி ரெண்டு பல்லு இல்லையே, அது அங்க விட்டுட்டு வந்தது.

ஆமா, தெரியும். அதுக்குத்தான் கூப்புடற. என் நாக்குல ஒரு மயாமிப் பருக்கை பட்டதில்லன்னு சொல்லணும், கூட்டம் எந்திரிச்சு நிக்கணும். எல்லா மேடையிலயும் அப்படித்தானே முடிப்பேன். கண்ணக் கட்டி ஊட்டுங்கடா, நம்ம அரிசி எது, வந்த அரிசி எதுன்னு சொல்றேன்னு சவால் வேற விடுவேன். எவனும் ஊட்டிப் பாக்கல, நல்லவேள.

இரு, சொல்றேன். கொஞ்சம் மெதுவாப் பேசு, அடுப்படியில அனசில் இருக்கா. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும், கேக்காத மாதிரி இருப்பா. எங்க குடும்பம் நாப்பது வருஷம் ஓடுனதே அதுலதான்.

போன வாரம் சொல்லி அனுப்புனியே, வர்றவங்களுக்கு நம்ம அரிசியச் சமைச்சுப் போடணும், வீட்டுக்கு அஞ்சு டின்னு அளந்து தரணும்னு. நல்ல யோசனதான். நான் உடனே அனசில்கிட்ட, நம்ம அரிசி மூட்டைய எறக்கு, மொத டின்னு நம்ம வீட்டுதா இருக்கட்டும்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. மடிச்சதையே பிரிச்சு மறுபடியும் மடிச்சா.

மூட்டையில என்ன இருந்துச்சா? மயாமி அரிசி. நம்ம வயல்ல வெளைஞ்சத அறுத்த கையோட வித்துருவாளாம். நம்ம அரிசிக்குத் தலைநகர்ல நல்ல வெல, வசதிப்பட்டவங்க தேடித் திங்குறாங்க. ஒரு டின்னு வித்தா மயாமி அரிசி ரெண்டு டின்னு வாங்கலாம். இங்க எல்லாப் பொம்பளையும் செய்யறதுதான்னா. உங்கம்மாவும்தானாம், போய்க் கேட்டுப் பாரு. எனக்கு மட்டுந்தான் தெரியல. நான் எங்க வீட்டுல தங்குனேன்? கூட்டம், ஊர்வலம், ஜெயிலு. வந்து உக்காந்தா தட்டுல சோறு இருக்கும். செவப்பு பீன்ஸப் போட்டு ஆக்கி வைப்பா, அரிசியோட நெறம் தெரியாது. தின்னுட்டு, இதுதான் நம்ம மண்ணோட ருசின்னு அவளுக்கே பாடம் நடத்துவேன். அவளும் தலைய ஆட்டுவா.

எத்தன வருஷமா நடக்குதுன்னு கேட்டேன். நீ மொதத் தடவ உள்ள போனதுலேந்துன்னா.

மிச்சம் புடிச்ச காசு என்னாச்சுன்னும் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அவ கத்தல. நோட்டீஸ் அடிக்கணும், நோட்டீஸ் அடிக்கணும்னு வந்து நிப்பியே, அது எங்கேந்து வந்துச்சுன்னு நெனச்சன்னு கேட்டா.

முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் பதில் சொன்னவன். எந்திரிச்சுக் கழுதைக்குத் தண்ணி வைக்கப் போயிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் தட்டு வச்சா. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல பாரு, பீன்ஸக் காணோம், வெறும் வெள்ளச் சோறு. எதுக்க உக்காந்து அவ பாட்டுக்குச் சாப்புட்டா. நான் கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். காலையிலேந்து ஒண்ணும் திங்கல, வயிறு கேக்குமா?

தின்னேன் ஜெஸூலா. இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கியும் தின்னேன்.