கொமோரோசுக்கு அழுத கண்ணீர்

ஓம் ஓம், இதுதான் வரிசை, தங்கச்சி. எனக்குப் பின்னாலை நில்லுங்கோ. பத்து மணிக்குத்தான் கதவு திறப்பினம். பாண், பால், உருளைக்கிழங்கு எண்டு ஒரு பையிலை போட்டு, காசு வாங்காமல் தருவினம். ஆர் எவர் எண்டு கேள்வி ஒண்டும் கேக்க மாட்டினம். ஏன் தொப்பியை இப்பிடி இழுத்து மூடுறியள்? தமிழாக்கள் கண்டிடுவினம் எண்டோ? பயப்பிடாதேங்கோ, எங்கட சனம் இஞ்சை ஒருத்தரையும் காணாது. அவையளுக்குத் தூரப்பார்வை நல்ல தெளிவு. கிட்டப்பார்வைதான் கொஞ்சம் மட்டு.

விளங்கேல்லையோ? சரி, நேரம் கிடக்குது, சொல்லுறன். இஞ்சை பக்கத்திலை, ஹொல்ம்லியாவிலை, எங்கட செபக்குழு ஒண்டு இருக்குது. சனிக்கிழமை பின்னேரத்திலை கூடுவினம். அதை நடத்துறவர் லோறன்ஸ் எண்டு ஒரு பெரிய மனிசர். பெரிய மனிசர் எண்டால், பஸ் ஓட்டுறவர். ஆனால் செபிக்கத் தொடங்கினாரோ, கடவுளுக்கே இடையிலை பூந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாது.

போன வருஷம் அவருக்கு ஒரு யோசினை வந்தது. உலகத்திலை உள்ள தீவு நாடுகளிலை பசியும் வறுமையும் ஒழிய வேணும், அதுக்கு எங்கட குழு செபிக்க வேணும். ஏன் தீவு எண்டு கேக்கிறியளோ? தான் தீவிலை பிறந்தவராம், கடலுக்கு நடுவிலை இருக்கிற சனத்தின்ர கஸ்டம் தனக்குத்தான் விளங்குமாம். சுவரிலை பெரிய உலகப் படம் ஒட்டி, குடும்பத்துக்கு ஒரு தீவு எண்டு பிரிச்சுக் குடுத்தார், சீதனக் காணி பிரிக்கிற மாதிரி. ஒருத்தருக்கு ஹெய்ட்டி, ஒருத்தருக்கு மடகஸ்கார். மார்க்கஸ் அண்ணைக்கு மாலைதீவு கிடைச்சதிலை சரியான சந்தோசம், அங்கை அவர் லீவுக்குப் போய் வந்தவர். செபம் முடிய மேசையிலை றோல்ஸ், இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி. பசிச்ச சனத்துக்காக ரெண்டு மணித்தியாலம் மன்றாடினால் ஆருக்கும் பசிக்கும்தானே.

அந்தக் குழுவிலை உதயகுமாரி எண்டு ஒரு பிள்ளை. புருசன் பத்மநாதன் வேலைத்தளத்திலை விழுந்து, முதுகு போய்ப் படுக்கை. உதவிப்பணத்துக்கு எழுதிப் போட்டு, முடிவு வாறவரைக்கும் அவவின்ர அரைநேரத் துப்புரவு வேலைதான் ரெண்டு பிள்ளையளோடை நாலு வயித்துக்கும். இதெல்லாம் பேந்து அறிஞ்சது. அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும். அவ மெலிஞ்சுகொண்டு போறதை லோறன்ஸ் கண்டவர்தான், இல்லையெண்டு சொல்லேலாது. கண்டிட்டு, பிள்ளை உபவாசம் இருக்குது போல, என்ன விசுவாசம் எண்டு மனசுக்குள்ளை மெச்சினவர்.

அவவின்ர பங்கு கொமோரோஸ் தீவு. செபிக்க வேண்டியதை லோறன்ஸ்தான் கடுதாசித் துண்டிலை எழுதிக் குடுக்கிறவர். கொமோரோஸை அவர் கண்டது சுவரிலை ஒட்டின படத்திலை. மற்றதெல்லாம் சொந்தக் கற்பனை. ஒரு கிழமை இப்பிடி எழுதினார்: ஆண்டவரே, அந்தத் தீவிலை ஒரு தாய், தான் சாப்பிட்டிட்டன் எண்டு பொய் சொல்லித் தன்ர பங்கைப் பிள்ளையளுக்குத் தள்ளி விடுறாளே, அவளைக் கண்ணோக்கும்.

உதயகுமாரி எழும்பி வாசிச்சா. சாப்பிட்டிட்டன் எண்ட சொல்லு வரைக்கும்தான் வந்தது. கதிரையிலை விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதா. சனம் ஓடிப்போய்த் தண்ணி குடுத்தது எண்டு நினைக்கிறியளோ? பரிசுத்த ஆவி இறங்கிட்டார் எண்டு கைதட்டிப் பாடிச்சினம். லோறன்ஸ் அவவின்ர தலையிலை கை வைச்சு, கொமோரோசுக்காக இப்பிடி அழுகிற ஒரு ஆத்துமாவைத் தான் இன்னும் காணேல்லை எண்டு நன்றி சொன்னார். அடுத்த கிழமை அவவுக்கு இன்னொரு தீவும் சேர்த்துக் குடுத்தார். பதவி உயர்வு.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. இனித்தான் அவற்ர கெட்டித்தனம் இருக்குது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லோறன்ஸ் இந்த றோட்டாலை பஸ் ஓட்டிக்கொண்டு வந்தவர். அந்தா, அந்தச் சிவப்பு விளக்கிலை நிக்கேக்கை இந்த வரிசையைப் பாத்தார். மதிலோடை ஒட்டிக்கொண்டு உதயகுமாரி நிக்கிறா. விளக்குப் பச்சையாகி, பின்னாலை கார்க்காரர் ஹோர்ன் அடிச்சும் அவருக்குக் கால் எழும்பேல்லை. அப்பத்தான் அந்த அழுகை அவருக்கு விளங்கினது. அவர் கற்பனையிலை எழுதின தாய், அவருக்கு முன்னாலை மூண்டாவது கதிரையிலை இருந்திருக்கிறா.

நல்ல மனிசன் எண்டால் என்ன செய்வான்? பின்னேரம் ரெண்டு பை சாமானோடை போய்க் கதவைத் தட்டுவான், ஒருத்தருக்கும் சொல்ல மாட்டான். லோறன்ஸ் சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்து, நாப்பது பேருக்கு முன்னாலை செபிச்சார். ஆண்டவரே, கொமோரோசுக்காக அழுத சகோதரி இண்டைக்குச் சாப்பாட்டு வரிசையிலை நிக்கிறா, இரங்கும் எண்டு. பேர் சொல்லேல்லையாம். பேர் வேறை சொல்லோணுமோ? நாப்பது தலையும் ஒரு பக்கம் திரும்பிச்சுது.

உதயகுமாரி ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு எழும்பினா. வாசல்லை நிண்டு ஒண்டுதான் சொன்னா. அண்ணை, என்னையும் ஒரு தீவாக்கிப் போட்டியளே.

அதுக்குப் பிறகு செபத்துக்கும் வாறேல்லை, போனும் எடுக்கிறேல்லை. லோறன்ஸ் சாமான் கொண்டு போனால் கதவு திறக்காது. வைச்ச பை அடுத்த நாளும் வாசல்லை அப்பிடியே கிடக்கும். போன கிழமை, மன்னிப்புக் கேக்கிறன் எண்டு இந்த வரிசைக்கே வந்தவர். அவரைக் கண்ட உடனை அவ பையை எடுக்காமல் வெறுங்கையோடை திரும்பிப் போட்டா. பாருங்கோ ஆளின்ர திறமையை. தீவுகளின்ர பசியை ஒழிக்க வெளிக்கிட்டு, ஒரு வீட்டுக்குக் கிடைச்ச பாணையும் நிப்பாட்டிப் போட்டார்.

ஓம், எனக்கு அந்தாளை நல்லாத் தெரியும்.

கதவு திறக்கினம் போல, கொஞ்சம் முன்னாலை வாங்கோ. இல்லை, எனக்குப் பை வேண்டாம், வீட்டிலை சாப்பாடு இருக்குது. பிந்தி வாறாக்களுக்குப் பை முடிஞ்சிடும், அதுதான் விடிய ஏழு மணிக்கே வந்து இடம் பிடிச்சனான். றோட்டுக்கு அங்காலை, பஸ் தரிப்பிடத்திலை, நாவல் நிற ஜக்கெற்றோடை ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது, தெரியுதோ? நான் இஞ்சை நிக்குமட்டும் அவ வரமாட்டா. நான் பின்பக்கத்தாலை போறன். அவ வந்தால் இந்த இடத்தை விட்டுக் குடுங்கோ, தங்கச்சி. லோறன்ஸ் பிடிச்சு வைச்ச இடம் எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.