மூணுன்னு தேடினேன்

— என் மூஞ்சியைப் பார்க்காத, வாத்தியாரே. திரையைப் பாரு. சிர்க்கா டீச்சர் காபிக்குப் போயிருக்கா, திரும்பி வர கால்மணி நேரமாகும். அதுக்குள்ள நான் எழுதினதைத் திருத்திக் குடு. தப்பிருந்தா சொல்லு. இல்லைன்னா மார்க் போடு.

— நீங்களே எழுதினதாண்ணே?

— நானேதான். அம்பத்தோரு வயசுல, இந்த தௌனோ, ரெண்டு விரலால தட்டித் தட்டி எழுதினது. ஹெல்சிங்கியில எவன்கிட்டயாவது சொன்னா சிரிப்பான். மூணு வாரமா உன் பக்கத்துல உட்கார்ந்து நாய்ப் பேரும் பூனைப் பேரும் தேடிப் பழகினேன்ல? நேத்து நிஜ வேட்டைக்குப் போனேன்.

— எந்தக் கோப்புலண்ணே?

— என் வழக்குக் கோப்புல. மேல்முறையீட்டுக்குப் படிச்சுக்கன்னு இந்த ஜெயில் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தாங்கல்ல, அதுதான். முப்பத்தெட்டாயிரம் மெசேஜ். போலீஸ்காரன் பேரையெல்லாம் எடுத்துட்டு ஆளுக்கு ஒரு நம்பர் போட்டிருக்கான். வரி ஆரம்பத்துல அனுப்பினவன் நம்பர், அப்புறம் ஒரு அம்புக்குறி, அப்புறம் வாங்கினவன் நம்பர். அதுக்குப் பின்னால சேதி.

— ஆமா, பார்த்திருக்கேன்.

— தொண்ணூத்தொம்போதுன்னு ஒருத்தன் வர்றான் பாரு, அவன் போலீஸ். சரக்கு வாங்குறவன் மாதிரி நடிச்சு ஒன்றரை வருசம் எங்க சோத்தைத் தின்னான். அந்த நாய்க்கு எங்களுக்குள்ள இருந்து ஒருத்தன் தகவல் அனுப்பியிருக்கான். படகுக் கொட்டகை எங்க இருக்கு, எத்தனை மணிக்கு வண்டி வருது, எல்லாம். அவன் எவன்னு தெரியாம ரெண்டு வருசமா எனக்குத் தூக்கம் இல்ல. நேத்து தெரிஞ்சுபோச்சு.

— தெரிஞ்சு... போச்சா?

— ஏன்டா உன் முகம் சுண்ணாம்பாட்டம் ஆயிடுச்சு? நீ சொல்லிக் குடுத்த வித்தைதான். இதோ பாரு. க்ரெப்பு, தேடிக் குடுக்கிற கட்டளை. வரியைக் காட்டாத, எண்ணிக்கை மட்டும் சொல்லுன்னு போட்டேன். வக்கீலம்மா எந்த நம்பர் யாருன்னு ரெண்டு தாள்ல எழுதிக் குடுத்திருக்கா. முதல் தாள்ல எங்க ஆளுங்க, ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும். ஒவ்வொரு நம்பரா தட்டினேன். ஒண்ணு டு தொண்ணூத்தொம்போது, பூஜ்யம். ரெண்டு, பூஜ்யம். பன்னெண்டு வரைக்கும் பூஜ்யம், ஒருத்தனைத் தவிர.

— ரெண்டாவது தாள்?

— அது சில்லறைப் பயலுக. கார் ஓட்டினவன், பெட்டி தூக்கினவன், போன் ரிப்பேர் பண்ணினவன். அவனுகளுக்குக் கொட்டகை எங்கன்னு எப்படித் தெரியும்? பிரிச்சே பார்க்கல.

— அப்ப பன்னெண்டோட நிறுத்திட்டீங்க.

— நிறுத்திட்டேன். எப்படி இருக்கு? சொல்லு.

— நல்லா... நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே. அம்புக்குறியை மேற்கோளுக்குள்ள போட்டிருக்கீங்க. நிறைய பேர் அதைத்தான் மறப்பாங்க.

— கேட்டியா! இல்மரி வாயில இருந்து நல்ல வார்த்தை. அப்ப சரியான விடைதானே?

— சரிதாண்ணே.

— மூணு. நாப்பத்தோரு மெசேஜ்.

— மூணு யாருண்ணே?

— வில்ஹோ.

— எந்த வில்ஹோ?

— இந்த ஜெயில்ல எத்தனை வில்ஹோ இருக்கான்? உன் செல்லுல மேல்கட்டில்ல படுக்கிறானே, அவன்தான். என் கூடப் பிறந்தவன்.

— அவரு... அண்ணே, அவரு உங்க தம்பி.

— அதை எனக்குச் சொல்றியா? நாலு வயசுல அவனை ஏரியில விழாம முடியைப் பிடிச்சு இழுத்தவன் நான். நேத்து இங்க உட்கார்ந்து அந்த நாப்பத்தொண்ணைப் பார்த்ததும் வாந்தி வந்துச்சு. குப்பைக் கூடையில எடுத்தேன். டீச்சர் கேட்டதுக்கு மீன் ஒத்துக்கலைன்னேன்.

— இப்ப என்ன செய்யப் போறீங்க?

— செய்யப் போறதில்ல. செஞ்சாச்சு. மரப்பட்டறையில வேலை செய்யுற நம்ம ஆளு கெட்டுனென்கிட்ட சொல்லியாச்சு. பத்து மணிக்கு மேஸ்திரி காபிக்குப் போவான். அவன் போனதும் கெட்டுனென் வில்ஹோ கையை வைஸ் இடுக்கியில வெச்சு இறுக்குவான். விரல் ஒவ்வொண்ணா நொறுங்கும். எதுக்குடா செஞ்சேன்னு கேப்பான். பதில் வந்தாலும் வராட்டியும் கடைசியில உளி. கழுத்துல. என் தம்பிங்கிறதுக்காக ஒரே குத்துல முடிக்கச் சொல்லியிருக்கேன்.

— மணி என்ன இப்ப?

— பத்துக்கு இன்னும் ஆறு நிமிசம். எங்க எந்திரிக்கிற? உட்காரு.

— அண்ணே, அந்த நாப்பத்தோரு வரியைப் படிச்சீங்களா? ஒண்ணாவது?

— படிக்கல.

— ஒரே ஒரு வரி படிங்க. கும்பிட்டுக் கேக்குறேன்.

— என் தம்பி என்னைக் காட்டிக் குடுத்து எழுதினதை நான் கண்ணால படிக்கணுமா? எண்ணிக்கை போதும் எனக்கு. உட்காருன்னு சொன்னேன்ல!

— ஆ! அண்ணே, மூக்கு...

— கீபோர்டுல ரத்தம் சொட்டுது, தொடை. டீச்சர் கேட்டா சறுக்கி விழுந்தேன்னு சொல்லு. அவன் உன் செல்லுக்காரன், பாவம்னு இருக்குது உனக்கு. எனக்கும் இருக்குது. அதுக்காக?

— முதல் வாரம் குளியலறையில என்னை நாலு பேரு போட்டு மிதிச்சாங்க. ரெண்டு விலா போச்சு. வில்ஹோதான் ஈரத்தரையில என் மேல விழுந்து படுத்துக்கிட்டாரு. மிதியை எல்லாம் அவரு முதுகுல வாங்கினாரு. அப்ப என் பேரு கூட அவருக்குத் தெரியாது.

— அதான் அவன். ஊருக்கெல்லாம் நல்லவன், அண்ணனுக்கு மட்டும் துரோகி.

— அவரு இல்லண்ணே. உங்க கணக்கு தப்பு.

— இப்பத்தானே சரின்னு சொன்ன?

— பொய் சொன்னேன்.

— வாத்தியாரே. இது என்னன்னு தெரியுதா? சைக்கிள் கம்பி. மூணு நாள் சிமெண்ட் தரையில தேய்ச்சேன். இப்ப உன் காதுக்குக் கீழ இருக்கு. இன்னொரு தடவை சொல்லு.

— தப்பு. தப்புண்ணே. அழுத்தாதீங்க, சொல்றேன். நீங்க மூணுன்னு தேடினா மெஷின் என்ன செய்யும்? வரிக்குள்ள மூணு, அம்புக்குறி, தொண்ணூத்தொம்போது எங்க சேர்ந்து வந்தாலும் எடுத்துக்கும். முன்னாடி வேற எண் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் எடுத்துக்கும். அதுக்கு வில்ஹோவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. எழுத்தை மட்டும்தான் பார்க்கும்.

— ஒட்டிக்கிட்டுன்னா?

— பதிமூணு. இருபத்திமூணு. முப்பத்திமூணு. எல்லாத்துக்கும் வாலு மூணுதானேண்ணே?

— அதுக்கு?

— வரியோட தலையில இருந்து பாருன்னு அதுக்குச் சொல்லணும். அதுக்கு ஒரு குறி இருக்கு. வீட்டுக் கூரை மாதிரி. அதை மூணுக்கு முன்னால வெச்சா, மூணுல ஆரம்பிக்கிற வரி மட்டும்தான் வரும்.

— ஏமாத்துற. நேரத்தை இழுக்குற. கைய நகத்தாத! அங்க டீச்சர் மேசைக்கு அடியில சிவப்புப் பொத்தான் இருக்குன்னு எனக்கும் தெரியும். அமுக்கு, அமுக்கிப் பாரு. எல்லாக் கதவும் தானா பூட்டிக்கும். பட்டறைக் கதவும்தான். உள்ள கெட்டுனென், என் தம்பி, ஒரு உளி. வார்டன் சாவி தேடி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

— தெரியும்ணே. அதனாலதான் அமுக்கல. என் கையை விடுங்க, ஒரே ஒரு எழுத்து சேர்க்கணும். இல்ல, நீங்களே தட்டுங்க. நான் தொடல. அப்ப நம்புவீங்கல்ல?

— எங்க இருக்கு அந்தக் கூரை?

— வலது பக்கம், பெரிய என்டர் பொத்தானை ஒட்டி இடதுல. ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். ஒண்ணும் வரல. ஒண்ணுமே வரலடா, நாயே!

— வராதுண்ணே, நம்ம ஊரு கீபோர்டுல அது உடனே வராது! இடைவெளி ஒண்ணு தட்டுங்க. அப்பதான் வரும். குத்தாதீங்க, தட்டுங்க!

— ...வந்துச்சு.

— இப்ப என்டர்.

— பூஜ்யம்.

— ஆமா.

— பூஜ்யம்னு காட்டுது. இது என்ன, கெட்டுப்போச்சா?

— கெடல. மூணு ஒரு மெசேஜ் கூட போலீஸுக்கு அனுப்பல. வில்ஹோ அனுப்பலண்ணே. போன் பண்ணுங்க.

— அப்ப நாப்பத்தொண்ணு?

— போன் பண்ணுங்கண்ணே! மணி பத்து தாண்டிடுச்சு! இன்டர்காம் இருக்கு, பட்டறை நம்பர் நாலு, டூல் ரூம்ல கெட்டுனென்தான் எடுப்பான்!

— நாலு... அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறான். எடுடா. எடுடா, தேவடியா மகனே... கெட்டுனென்! நான் தௌனோ. நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து, அவன் இல்ல! என்ன சத்தம் அது? யாரு கத்துறது? வைஸைக் கழட்டு! கழட்டுடா முதல்ல!

— என்ன சொல்றான்?

— எத்தனை? எந்தக் கை? ...வலது கை. நாலு விரல். கட்டை விரல் மட்டும் மிச்சமாம். உளி? உளியைக் கீழ போடு. கழுத்துல பட்டுச்சா? தோல்தானா? துணி வெச்சு அமுக்கு. மேஸ்திரியைக் கூப்பிட்டு மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. போனை அவன் காதுல வை.

— அண்ணே...

— வில்ஹோ. டேய், நான்தான்டா. அண்ணன்டா. அழாத. ...தெரியும். தெரியும்டா, நீ செய்யல. நான்தான் சொன்னேன், ஆமா, நான்தான். உன் அண்ணன்தான் சொன்னான். எனக்கு எண்ணத் தெரியலடா. ஒரு குறியை வைக்கத் தெரியல. நீ எதையும் பார்க்காத, கையைப் பார்க்காத, நர்ஸ் வருவா. ...என்ன? ...வெச்சுட்டான். மேஸ்திரி வந்துட்டான் போல.

— உயிரோட இருக்காரு.

— கரண்டி செதுக்குவான், பார்த்திருக்கியா? பிர்ச் மரத்துல. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மாவுக்கு ஒரு கரண்டி. இனி என்னத்தைச் செதுக்குவான்? நான் அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சிருந்தேன்னா...

— குடிங்கண்ணே. தண்ணிதான்.

— உன் கழுத்துல ரத்தம் ஓடுது.

— பரவால்ல.

— நீ சொல்லலைன்னா அவன் செத்திருப்பான். கம்பியைக் கழுத்துல வெச்சிருக்கும்போதும் சொன்ன பாரு. இந்த ஜெயில்ல எவனுக்கும் அந்தத் தில்லு கிடையாது. இனிமே உன் மேல ஒருத்தன் கை வெச்சான்னா அவனை நான்... கேட்டியா? நீயும் எனக்குத் தம்பிதான்.

— அப்படிச் சொல்லாதீங்கண்ணே.

— ஏன் சொல்லக்கூடாது? சரி, மிச்ச வேலையைப் பார்ப்போம். கூரை வெச்சுக்கிட்டு இப்ப பதிமூணுன்னு தட்டுறேன். கூரை... இடைவெளி... பதிமூணு. பார்த்தியா. நாப்பத்தொண்ணு. முழுசா நாப்பத்தொண்ணும் அந்தப் பதிமூணோடதுதான். நாலு விரல். நாலு விரலுக்கும் அவன் பதில் சொல்லணும். என் கையாலயே, மெதுவா, ஒரு நாள் பூரா.

— இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணே.

— ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல, வாத்தியாரே. இந்தக் கூரை பெரிய வித்தை ஒண்ணும் இல்லையே? டீச்சர் குடுத்த தாள்ல ரெண்டாவது பக்கத்துலயே இந்தப் படம் போட்டிருந்துச்சு. இது அடுத்த மாசம் பார்ப்போம்ணேன்னு சொல்லி நீதான் அந்தப் பக்கத்தைத் திருப்பின. ஏன்? சரி விடு, மறந்திருப்ப. அந்த ரெண்டாவது தாள் என் மெத்தைக்கு அடியில கிடக்கு. போய் எடுத்துட்டு வந்து பதிமூணு எவன்னு பார்க்குறேன். நீ இங்கயே இரு, மூக்கைத் துடை.

— போகாதீங்கண்ணே. உங்க ஆளுங்க போனை ரிப்பேர் பண்ணினவன் நான்தான். அந்தத் தாள்ல பதிமூணுக்கு நேரா என் பேருதான் இருக்கும்.