கீழ் வீட்டு ஆறாம் சேனல்

ஷூவ அங்கயே விட்டுட்டு இந்த வீட்டுச் செருப்பப் போட்டுக்கோங்கண்ணே. அப்பாவோடதுதான், பரவால்ல. அவரு கோஜே தீவுல கப்பல் பட்டறைல வேலை பாக்குறாரு, என் செருப்பு எங்கன்னு இப்ப வந்து கேக்க மாட்டாரு.

அம்மாவா? குளிக்கிறாங்க. கீழ கேட்டுல நீங்க பட்டன அமுக்குனப்ப, மேல வாங்க தம்பின்னு பேசுனாங்களே, அவங்கதான். குளிக்கப் போனா லேசுல வரமாட்டாங்க. நீங்க வேலையப் பாருங்க. பார்லித் தண்ணி? வேணாமா? ஊத்திட்டேனே, குடிங்க.

ஆமாண்ணே, வைஃபை பெட்டி மூணு. ஹால்ல ஒண்ணு, அம்மா ரூம்ல ஒண்ணு, தங்கச்சி ரூம்ல ஒண்ணு. இத்தனூண்டு வீட்டுக்கு எதுக்கு மூணுன்னுதான பாக்குறீங்க? எங்கம்மாவுக்குப் படுத்துக்கிட்டு சீரியல் பாக்கணும், நடுவுல வட்டம் சுத்தக் கூடாது. கி-யோலு, இது ஏன்டா சுத்துது, உங்கப்பன மாதிரி ஒரு எடத்துல நிக்காம? இப்படித்தான் கேப்பாங்க. அச்சு அசல் அவங்க குரலா இருக்குல்ல? எங்க கணக்கு வாத்தியாரு குரல்ல ஒருவாட்டி மைக்குல பேசி ரெண்டு வகுப்ப சாப்பாட்டுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டேன். மூணாவது வகுப்பு கிளம்புறப்ப அவரே எதிர்ல வந்துட்டாரு.

புகாரு யாரு குடுத்தான்னு நீங்க சொல்ல வேணாம். சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். கீழ் வீடுதான். முந்தாநாளு, ஒவ்வொரு வீட்டுக் கூரைலயும் இருக்கே அந்த ஸ்பீக்கர்ல ஆபீஸ் சாரு பேசுனாரு. எங்க குடியிருப்பு ஆபீஸ் மேனேஜரு. முதல்ல தொண்டையக் கனைப்பாரு, அப்புறம் ஒரு பெருமூச்சு. அன்பார்ந்த குடியிருப்போரே, ஒரு சில இல்லங்களின் வைஃபை காரணமாகப் பிற இல்லங்களில் சிரமம் ஏற்படுவதாகத் தெரிய வருகிறது, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்வோமாக. எந்த இல்லம்னு சொல்ல மாட்டாரு. மொத்த டவருல இருக்கறவங்களும் நாமதானோன்னு பயந்து அவங்கவங்க பெட்டிய அணைச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நான் மட்டும் அணைக்கல.

பாருங்கண்ணே, ஒரு மாடி ஏறி வந்து பெல்லடிச்சு, டேய் தம்பி என்னடா இதுன்னு கேக்க வேண்டிய சமாச்சாரம். அது கீழ் வீட்டுலேர்ந்து ஆபீஸுக்குப் போயி, ஆபீஸ்லேர்ந்து கூரைக்கு வந்து, அங்கேர்ந்து உங்க கம்பெனிக்குப் போயி, இப்ப உங்க பையத் தூக்கிட்டு இங்க வந்து நிக்குது. நேர்ல வந்து சொன்னா மரியாதை இல்லையாம்.

அவங்க அப்படி ஆளுங்க இல்லண்ணே. குடி வந்த அன்னிக்கு சிவப்புப் பயறு தூவுன அரிசிக் கேக்கு எடுத்துக்கிட்டு வந்தாங்க. கீழ் வீட்டு அக்கா, அவங்க இடுப்புல சோ-தம். சோ-தம் அவங்க பொண்ணு, இப்பதான் பேச்சு வருது. அக்கா என்னப் பாத்ததும், சாப்ட்டியாப்பா, எலும்பா இருக்கியேன்னாங்க. நான் லிஃப்ட் குரல்ல கதவு மூடுகிறதுன்னேன். சோ-தம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கேக்கு தட்டோட ஆடிச்சு. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுச்சு.

நான் செஞ்ச முட்டாத்தனம் என்னன்னா, மறுநாளே தட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். வெறுந் தட்டாக் குடுக்கக் கூடாதுன்னு ஆரஞ்சு வேற வெச்சு. தட்ட வெச்சிருந்தா அதக் கேக்கவாவது வந்திருப்பாங்க.

என்னண்ணே, ஸ்கிரீனையே பாக்குறீங்க? ஆமா, ஹால் பெட்டி ஆறாம் சேனல், அம்மா ரூம் நாலு, தங்கச்சி ரூம் எட்டு. பெட்டி தானா எடுத்துக்கிட்டிருக்கும். ஓ, தானா எடுக்க விட்டா நாலுக்கும் எட்டுக்கும் போகாதா. சரி, உங்ககிட்ட மறைக்க முடியாது. நான்தான் வெச்சேன். அவங்க பெட்டி பழசுண்ணே, ஆறுலயே கெடக்கும். முதல்ல நானும் மூணையும் ஆறுலதான் வெச்சேன். ஒரே சேனல்ல இருந்தா பெட்டிங்க ஒண்ணுக்கொண்ணு காது குடுத்து, நீ பேசு அப்புறம் நான் பேசறேன்னு வரிசைல நிக்குதுங்க. கொஞ்சம் மெதுவாச்சு, அவ்வளவுதான். கீழ சோ-தம்மோட கார்ட்டூன் பாட்டு நிக்கவே இல்ல. அப்பறம்தான் ஒண்ண நாலுலயும் ஒண்ண எட்டுலயும் வெச்சேன். நாலும் எட்டும் ஆறு மேல பாதிப் பாதி வந்து விழுந்தா ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு வெறும் இரைச்சல். வரிசையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. அன்னிக்கு சாயங்காலமே பாட்டு நடுவுல நின்னு சோ-தம் அழுதுச்சு. தரைல காது வெச்சா நல்லாக் கேக்கும்.

அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. சரி, இப்ப வந்துருவாங்கன்னு சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இல்லண்ணே, அந்த ரூம்ல தங்கச்சி படிச்சிட்டிருக்கா, இப்பத் தொறக்க வேணாம். பெட்டியப் பாக்கணுமா? இங்கேர்ந்தே மாத்திக்க முடியாதா? மெதுவாத் தட்டுங்க. அவ கோவக்காரி. டேய் கி-யோல், எருமை, கதவத் தட்டிட்டு வரத் தெரியாதா. இதான் அவ குரல்.

ம், தொறங்க. பூட்டல.

அது அவளோட பழைய டேப்லெட்டுண்ணே. காலைலேர்ந்து ஓடுது. எதாவது ஓடிக்கிட்டே இருந்தாத்தான் சேனல் நெரிசலா இருக்கும், நின்னா கீழ வீட்டுக்கு வழி விட்டுரும். அம்மா ரூம்லயும் அதே கதைதான், அங்க அவங்க பழைய போனு. சீரியல் ஓடுது. சத்தத்தக் குறைக்கலாம், எனக்குக் குறைக்கப் புடிக்கல.

அம்மா குளிக்கல. இங்க இல்ல. தங்கச்சி இங்கிலீஷ் படிக்கணும்னு அம்மா அவளக் கூட்டிக்கிட்டு நியூசிலாந்து போயி ஒரு வருஷம் தாண்டிடுச்சு. எனக்கு அடுத்த வருஷம் காலேஜ் பரிச்சை, இடையில பள்ளிக்கூடம் மாறக் கூடாதுன்னு இங்க விட்டுட்டாங்க. அப்பா மாசத்துக்கு ஒருவாட்டி வருவாரு, வந்து தூங்குவாரு. கேட்டுல மேல வாங்க தம்பின்னது நான்தான். பெரியவங்க இல்லாத வீட்டுக்கு நீங்க வரமாட்டீங்கன்னு உங்க கம்பெனில சொன்னாங்க, அதான்.

அய்யோ, அப்படிப் பாக்காதீங்கண்ணே. ராமென் போடட்டா? முட்டை இருக்கு. அடுத்த வீட்டுக்குப் போகணுமா. சரி, சரி.

ஹால் பெட்டிய ஆறுலேர்ந்து வேற சேனலுக்கு ஒதுக்கி வெச்சிருங்க. ஒண்ணு போதும், மத்த ரெண்டக் கழட்டிடுங்க. சோ-தம் பாட்டு இனிமே நிக்கக் கூடாது. ஒரே ஒரு உதவி மட்டும். கீழ போறப்ப அந்த அக்காகிட்ட சரியாயிடுச்சுன்னு சொல்லிடாதீங்க. மேல் வீட்டுப் பையன் ரொம்பத் திமிரு புடிச்சவன், நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறான், நீங்களே நேர்ல போயி நல்லாத் திட்டிட்டு வாங்கன்னு சொல்லுங்க. சோ-தம்மையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க.