ஞாபகப் பரீட்சையில் ஃபெயில்

புனேயின் ஹடப்சரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டிலிருந்து உற்சாகமான ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

"அரே சரசு, நான் ஃபெயில் ஆயிட்டேன்!"

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் மனைவி, மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு.

"ஃபெயிலானதுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"பின்ன? உள்ள அஞ்சு வார்த்தை சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா ஒண்ணுதான் வருது. கடிகாரம் வரையச் சொன்னாங்க, முள்ளை எங்க போடறதுன்னே தெரியல. இத்தனை வருஷக் குடி மூளையைப் பிடிச்சிருக்கு, அதான் மறந்து போகுதுன்னாரு டாக்டர். நான் பொய் சொல்லல சரசு! நிஜமாவே மறந்துதான் போயிருக்கேன்!"

"சரியாயிடுமாமா?"

"குடியை விட்டு ரெண்டு மாசம் ஆச்சுல்ல? இப்படியே இருந்து, மருந்தும் ஒழுங்கா எடுத்துக்கிட்டா கொஞ்சம் கொஞ்சமாத் தெளியலாமாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்டு. அப்ப பாஸ் பண்றேன் பாரு!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர மறந்துட்டேன்னு சொன்னீங்களே, அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எதிர்லயே உங்களைப் பொய்யன்னு கத்தினேன். மன்னிச்சிருங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"அப்படியா கத்தின? எனக்கு ஞாபகமே இல்லையே."

அவள் அவர் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நம்புறேங்க" என்றாள்.