இரண்டெழுத்து

தம்பி: அண்ணை, அந்தக் கறுப்பு ஜக்கெற்றை அம்மா ஆருக்கும் குடுத்திடாமல் பாருங்கோ.

நான்: எது, பெற்றோல் செட் வேலைக்குப் போட்டுக்கொண்டு போறதோ?

தம்பி: ஓம். கதவுக்குப் பின்னாலை கொழுவியிருக்கு.

நான்: கொழும்பு வெய்யிலுக்கை உனக்கேன் ஜக்கெற்?

தம்பி: இஞ்சைக்கில்லை. திரும்பி லண்டனுக்கு வாறவனுக்கு.

நான்: ஆர் வாறது?

தம்பி: நான்தான். நீங்களும் கௌரி அக்காவும் இருக்கிறியள். ஒரு லோயர் கந்தோரே இருக்கு.

நான்: அந்தக் கந்தோர்தானடா உன்ரை அகதிக் கேஸைத் தோத்தது. உன்னைப் பிளேனிலை ஏத்தேக்கை நானும் வெளியிலை நிண்டனான்.

தம்பி: தோத்தாலும் பேர்பெற்ற கேஸ். பரிஸ்டர்மார் எல்லாரும் என்னைப் பற்றித்தான் கதைக்கினமாம்.

நான்: உன்னைப் பற்றி ஆர் கதைக்கிறது? உன்ரை ரெண்டெழுத்தைப் பற்றிக் கதைக்கினம்.

தம்பி: அதுவும் நல்லதுக்குத்தானே. பேர் வெளியிலை வரக்கூடாது, பேருக்குப் பதிலா ரெண்டெழுத்துத்தான் போடவேணும் எண்டு கௌரி அக்கா கோட்டிலை ஓர்டர் எடுத்தபடியாலை, இஞ்சை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது.

நான்: தெரியாதெண்டு லொட்ஜ் வாசல்லை நிண்டு புளுகிக்கொண்டு திரியாதை.

தம்பி: சாப்பிட்டியளோ?

நான்: இஞ்சை இப்பதான் காலமைச் சனம் வருது.

தம்பி: இஞ்சை பின்னேரம். கடையிலை பாண் முடியப்போகுது. கீழை போய் வாங்கிக்கொண்டு வந்து திரும்பப் போன் எடுக்கிறன்.

நான்: எடு. லைன் பிஸி எண்டால் விடாமல் அடி.

தம்பி: ஜக்கெற்…

நான்: சரி, சரி. போய்ப் பாணை வாங்கு.

*

கௌரி: அண்ணை, கீழைக் கடைக்காரர் கேக்கிறார், படியிலை இருக்கிற சனம் முழுக்க எங்கடையோ எண்டு.

நான்: எங்கடைதான் பிள்ளை. எங்கடை ஆக்களைத் திருப்பி அனுப்புறதைப் பற்றி ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமைக் கோட்டின்ரை தீர்ப்பு வந்த நாளிலை இருந்து இதுதானே. ரேடியோவிலை ஆரோ கதவு திறந்திட்டுதெண்டு சொல்லிப்போட்டினம்.

கௌரி: கதவு திறக்கேல்லை. இனித் தட்டினால் உள்ளுக்குக் கேக்கும், அவ்வளவுதான்.

நான்: அதை நீர் போய்ப் படியிலை நிண்டு சொல்லும் பாப்பம். நோர்பரியிலை ஒரு லோயர் குறையும்.

கௌரி: குறைஞ்சால் நான் போய் நித்திரை கொள்ளுவன். ஒரு சட்டத்தை வாசிச்சு முடிக்க முதல் அடுத்ததைக் கொண்டுவாறாங்கள். சனம் வேறை, திங்கட்கிழமையே பாஸ்போட் படத்தோடை வந்து நிக்குது.

நான்: பாவங்கள்.

கௌரி: நீங்கள் ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்? முகம் சவரம் செய்யேல்லை.

நான்: பிளேஸ்டோவிலை இருந்து வாறதுக்குள்ளை ரெண்டு ரெயின் நிண்டு போச்சு. அதுக்கும் சவரத்துக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேளாதையும்.

கௌரி: கேக்கேல்லை. அம்மாவுக்குக் கண் எப்பிடி?

நான்: ஒப்பரேசன் செய்த கண்ணாலை இப்ப மணிக்கூடு தெரியுதாம். அழக்கூடாது, குனியக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிவிட்டவர். ரேடியோவைப் போட்டுக்கொண்டு கதிரையிலை இருக்கிறா.

கௌரி: ம்… சுஜீத்தின்ரை கேஸுக்கு ஹோம் ஒபிஸ் பதில் வந்திட்டுதோ?

நான்: இப்பதான் ஃபக்ஸிலை வந்தது. மறுப்பு.

கௌரி: பின்னேரம் திருப்பி அனுப்புற பிளேன். காலமை மறுப்பு. நல்ல ஆக்கள்தான். வாசியுங்கோ.

நான்: "ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றே ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவர் புதிதாக எதையும் காட்டவில்லை."

கௌரி: பிறகு?

நான்: அவ்வளவுதான்.

கௌரி: ரெண்டாம் பக்கம் இருக்கு.

நான்: "இவரைப் போன்ற நிலையில் இருந்த இன்னொருவர்"… ரெண்டெழுத்துப் போட்டிருக்கு… "இவ்வாண்டு கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் எதுவும் இல்லை."

கௌரி: உங்கடை தம்பியைக் காட்டியே சுஜீத்தை அனுப்பப்போறாங்கள்.

நான்: ஓம்.

கௌரி: தம்பி போன் எடுத்தவரோ?

நான்: லொட்ஜிலை லைன் பிழை.

கௌரி: வெள்ளிக்கிழமை லொட்ஜிலை இருந்துதானே ஆரோ எடுத்தவை?

நான்: அது லொட்ஜ்காரர். அறை மாத்திற கதை.

கௌரி: …சரி. பரிஸ்டரோடை கதைச்சனான். இந்தக் கடைசி வசனத்தை உடைக்க ஏதும் இருந்தால் உடனை ஜட்ஜிட்டைப் போய்த் தடை உத்தரவு கேக்கலாமாம். இல்லாட்டில் போறதிலை பிரியோசனம் இல்லையாம்.

நான்: நீர் என்ன சொன்னனீர்?

கௌரி: பன்ரெண்டு மணிக்குச் சொல்லுறன் எண்டனான்.

நான்: பன்ரெண்டுக்கிடையிலை என்ன வரப்போகுது?

கௌரி: தெரியாது. தேத்தண்ணி போடவோ?

நான்: பால் இருக்கோ? வெள்ளிக்கிழமை பால் வாங்கப்போறன் எண்டு போய் எவ்வளவு நேரம். கடைசியிலை வெறுங்கையோடை வந்தனீர்.

கௌரி: மறந்திட்டன்.

நான்: பால் வாங்கப் போன ஆள் பாலை மறந்தது.

கௌரி: போன் அடிக்குது அண்ணை. எடுங்கோ.

*

சுஜீத்: அண்ணை, சுஜீத். பெட்டியைக் கட்டவோ, அவிழ்க்கவோ?

நான்: கட்டியும் கட்டாமலும் வை.

சுஜீத்: அப்பிடி ஒரு பெட்டி இந்தத் தடுப்பு முகாமிலை இல்லை. பெரிய பிளாஸ்ரிக் பை ஒண்டு தந்திருக்கிறாங்கள். அதைக் கட்டினால் முடிச்சு அவிழாது.

நான்: சாப்பிட்டியோ?

சுஜீத்: பிளேனிலை ஏத்துற நாள் எண்டால் ரெண்டு முட்டை குடுப்பாங்களாம். பக்கத்து அறைப் பெடியன் சொன்னவன். எனக்கு ஒண்டுதான் வந்தது. அதாலை பாதி நம்பிக்கையோடை இருக்கிறன். சிரியுங்கோ அண்ணை. என்ரை மேனுஷா அங்கை வந்திட்டாளோ?

நான்: படியிலை இருக்கிறா. சிவத்தச் சால்வை.

சுஜீத்: அவளுக்கு இன்னும் ஒண்டும் சொல்லாதேங்கோ. பதில் வந்ததெண்டு ஒபிசர் சொன்னவர். என்னவாம்?

நான்: இல்லையெண்டு.

சுஜீத்: …ஏனாம்?

நான்: உன்னை மாதிரி ஒருத்தரை அனுப்பினவை. அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையாம்.

சுஜீத்: ஆர் அவர்?

நான்: பேர் சொல்ல ஏலாது. கோட் ஓர்டர். ரெண்டெழுத்துத்தான்.

சுஜீத்: குடுத்துவைச்ச மனுசன்.

நான்: …

சுஜீத்: அண்ணை, லைனிலை நிக்கிறியளோ?

நான்: நிக்கிறன்.

சுஜீத்: உங்களுக்கு அவரைத் தெரியுமோ?

நான்: தெரியும்.

சுஜீத்: அப்ப ஒரு உதவி. பேர் வேண்டாம், அவற்றை நம்பரை மட்டும் தாங்கோ. இறங்கின உடனை எடுப்பன். எங்கை தங்கிறது, செக்கிங்கிலை மறிச்சால் என்ன சொல்லுறது, எந்த ரோட்டாலை போகக்கூடாது… அவர் தப்பி இருக்கிறார்தானே. அவருக்குத் தெரியும். பேனை இருக்கு அண்ணை. சொல்லுங்கோ.

நான்: பையைக் கட்டாதை.

சுஜீத்: என்ன?

நான்: கட்டாதை எண்டு சொல்லுறன். போனை வை.

*

நான்: பிள்ளை, கதவைச் சாத்தும்.

கௌரி: சாத்தித்தான் இருக்கு.

நான்: வியாழக்கிழமை என்னோடை கதைச்சுப்போட்டுப் பாண் வாங்கப் போனவன்.

கௌரி: ம்.

நான்: கடை வாசல்லை வெள்ளை வான் ஒண்டு நிண்டதாம். அவனை ஏத்தினதைப் பாண்காரர் கண்டவர். விடியக் கனாலடியிலை கிடந்தவன். லொட்ஜ்காரர்தான் போய் ஆளைப் பாத்துச் சொன்னவர்.

கௌரி: இருங்கோ அண்ணை. இருந்து கதையுங்கோ.

நான்: நேற்றுக் கனத்தைச் சுடலையிலை எரிச்சாச்சு. லொட்ஜ்காரற்றை மகன் கொள்ளி வைச்சவனாம். அந்த நேரம் நான் வீட்டிலை அம்மாவுக்குக் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு நிண்டனான்.

கௌரி: அவவுக்கு…

நான்: சொல்லேல்லை. கண் ஆறட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். அழக்கூடாத மனிசிக்கு என்னெண்டு சொல்லுறது? சனிக்கிழமை அவன்ரை ஜக்கெற்றைத் தோய்க்கப்போறன், பெற்றோல் மணக்குது எண்டு எடுத்துக்கொண்டு வந்தவ. பறிச்சுத் திரும்பக் கொழுவினனான். ஏனடா கத்திறாய் எண்டு கேட்டவ. இப்ப இவன் நம்பர் கேக்கிறான் பிள்ளை.

கௌரி: ஆர்?

நான்: சுஜீத். தம்பியின்ரை நம்பரைக் கேக்கிறான். எப்பிடித் தப்பினவர் எண்டு விசாரிக்க. எழுதும். நான் சொல்லச் சொல்ல எழுதும். தகவல் எதுவும் இல்லையெண்டு போட்டிருக்கிறாங்கள். நான் தாறன் தகவல். கையெழுத்தும் வைக்கிறன்.

கௌரி: எழுதத் தேவையில்லை.

நான்: ஏன்? நேரம் போயிட்டுதோ?

கௌரி: சத்தியக் கடதாசி அடிச்சாச்சு. மேசை லாச்சிக்கை இருக்கு.

நான்: எப்ப?

கௌரி: சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை லொட்ஜ்காரர் முதல் எடுக்கேக்கை நீங்கள் தபாற்கந்தோருக்குப் போயிருந்தனீங்கள். நான்தான் எடுத்தனான். எல்லாம் சொன்னவர். அண்ணைக்கு நீங்களே சொல்லுங்கோ, கொஞ்சத்தாலை திரும்ப எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, நீங்கள் படியேற, பால் வாங்கப் போறன் எண்டு இறங்கினனான்.

நான்: அதுதான் பால் வரேல்லை.

கௌரி: ரோட்டிலை நிண்டனான். மேலை லைற்றைப் பாத்துக்கொண்டு.

நான்: நான் இஞ்சை அறை மாத்திற கதை சொல்ல, நீர் தலையாட்டினனீர்.

கௌரி: நீங்கள் சொல்லுறவரைக்கும் அது உங்கடை வீட்டுச் செத்தவீடு அண்ணை. நான் அதைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போக ஏலாது.

நான்: நான் வாய் திறந்திருக்காட்டில்?

கௌரி: பன்ரெண்டு மணிக்குப் பரிஸ்டருக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லியிருப்பன்.

நான்: சுஜீத்தை ஏத்தியிருப்பாங்கள்.

கௌரி: …அதைக் கேளாதேங்கோ. வெள்ளிக்கிழமையிலை இருந்து அதைத்தான் என்னை நானே கேக்கிறன்.

நான்: லாச்சியைத் திறவும்.

கௌரி: இந்தாங்கோ. ஆறுதலா வாசியுங்கோ. பிழை இருந்தால் திருத்துவம்.

நான்: …இதிலை அவன்ரை பேர் இல்லை.

கௌரி: போட ஏலாது. ஓர்டர் நிக்குது.

நான்: அவனை ஒருத்தரும் கண்டுபிடிக்கக்கூடாதெண்டு எடுத்த ஓர்டர்.

கௌரி: நான்தான் எழும்பி நிண்டு கேட்டனான். அம்மா பின் வாங்கிலை இருந்து கும்பிட்டவ.

நான்: என்ரை பேரும் இல்லை. சாட்சி எண்டு போட்டிருக்கு.

கௌரி: உங்கடை பேரைப் போட்டால் அதுக்குள்ளாலை அவரைப் பிடிச்சிடலாம். ஜட்ஜ் பாக்கிறதுக்கு வேறை தாள் இருக்கு. அதை உறையிலை வைச்சு ஒட்டித்தான் குடுக்கவேணும்.

நான்: இப்ப ஆருக்கு ஒளிக்கிறது பிள்ளை?

கௌரி: தெரியாது அண்ணை. சட்டத்துக்கு அவர் செத்தது இன்னும் தெரியாது.

நான்: பிளேன் நிண்டால் ரேடியோவிலை வரும்.

கௌரி: வரும். திருப்பி அனுப்பின ஒருத்தர் கொழும்பிலை செத்ததாலை எண்டு வரும். பேர் வராது.

நான்: அம்மா கேப்பா. கேட்டுப்போட்டு, ஆர் பெத்த பிள்ளையோ எண்டுவா.

கௌரி: செய்திக்கு முதல் வீட்டை போங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.

நான்: போறன். பேனையைத் தாரும்… படியிலை அந்தச் சிவத்தச் சால்வைப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுத்துவிடும். பால் இல்லாட்டிலும் பரவாயில்லை.

*

சுஜீத்: அண்ணை, சுஜீத். நம்பர் மாத்திட்டன், அதுதான் தெரிஞ்சிருக்காது.

நான்: குரல் தெரியும். விசா எல்லாம் வந்திட்டுதெண்டு கௌரி சொன்னவ.

சுஜீத்: வந்திட்டுது. பையை அவிழ்த்து ஒரு வருசம் தாண்டிப் போச்சு. மேனுஷாவுக்கு முந்தநாள் பெடியன் பிறந்தவன்.

நான்: நல்லது. தாயும் பிள்ளையும் சுகமோ?

சுஜீத்: சுகம். கத்திக்கொண்டே இருக்கிறான். உங்கடை அம்மா சுகமோ?

நான்: இருக்கிறா. கண் நல்லாத் தெரியுது. ரேடியோ கேக்கிறதை மட்டும் விட்டிட்டா.

சுஜீத்: அண்ணை, ஒண்டு கேக்கவேணும். அந்த ரெண்டெழுத்துக்காரர்… அவர் செத்ததாலைதான் நான் இஞ்சை நிக்கிறன் எண்டு பிறகுதானே தெரியும். நான் அண்டைக்கு அவரைக் குடுத்துவைச்ச மனுசன் எண்டனான்.

நான்: உனக்குத் தெரியாதுதானே.

சுஜீத்: பிள்ளைக்குப் பேர் பதிய வேணும். அவற்றை பேரை வைப்பமெண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திட்டம். இப்பவாவது சொல்லுங்கோ. சண்டையும் முடிஞ்சுது, மனுசனும் இல்லை. இனி ஆரிட்டை இருந்து ஒளிக்கிறது? பேனை இருக்கு அண்ணை.

நான்: என்ரை தம்பிதான் ராசா அவன். பேர் சொல்ல ஏலாது… ஓர்டர் இன்னும் நிக்குது.